சந்தேகம் அண்ணனின் துண்டு மூட்டை

செஞ்சியைச் சுற்றி நிற்கும் மூன்று மலைகளும் காலையிலும் அங்கேயே நிற்கும் என்று நம்பித்தான் ஊரில் எல்லோரும் தூங்கப் போகிறோம். ஒரே ஒருவர் மட்டும் விடிந்ததும் வெளியே வந்து, மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊர் வைத்த பெயர் ‘சந்தேகம்’. தொழில், கம்ப்யூட்டர் ரிப்பேர்.

கடை கிடையாது. தோளில் ஒரு டூல்ஸ் பை, கையில் பச்சைத் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. மூட்டைக்குள் இருப்பது ஒரு பழைய பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்ட்டை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்துக்கும் அளந்து கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘நல்லது’. உலகத்தில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

பஸ்ஸில் கண்டக்டர், “மூட்டைய மேல வைய்யா” என்றால், “வெக்கறேன். நான் எறங்கறப்ப இதேதான் இருக்கும்னு எழுதிக் குடு” என்பார். டீக்கடையில் “சக்கர போட்டாச்சு” என்று மாஸ்டர் சொன்னால், “போட்டத நான் பாக்கல” என்பார். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் அந்தக் கடையில் இரண்டாவது டீ குடித்திருக்கிறேன்.

கடைசியில் அவரிடமே நானும் போக வேண்டி வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் கேம் சென்டர் வைத்திருக்கிறேன். திண்டிவனத்தில் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது. என் மனைவி செல்வி அப்போதே கெடு வைத்துவிட்டாள். “தை பொறக்கற வரைக்கும் பாரு. ஓடலன்னா மூடிட்டு எங்க அண்ணன்கூட செங்கச் சூளைக்குக் கெளம்பு.” மச்சானும் எனக்காக அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதன் மேல் உட்கார அல்ல, அதைப் பார்த்துக்கொண்டே மண் சுமக்க.

இந்த நேரம் பார்த்துத்தான், ஆயுத பூஜை முடிந்த கையோடு, வாசலோரம் இருந்த பெரிய கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பையன்கள் சண்டை போட்டு வாங்கி உட்காருகிற மெஷின் அதுதான். முதலில் கேம் மந்தமானது. திரையில் ஓடுகிறவன் ஏரித் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தான். அப்புறம், சண்டை உச்சத்துக்கு வரும்போதெல்லாம் பட்டென்று அணைந்தது. சும்மா படம் பார்த்தால் சமர்த்தாக ஓடும். துப்பாக்கியைத் தூக்கினால் செத்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டைப் பையன்களுக்கும் செஞ்சிப் பையன்களுக்கும் என் சென்டரில் மேட்ச். அன்றைக்கு அணைந்தால், போகிற கூட்டம் திரும்பி வராது.

சந்தேகம் அண்ணன் வந்தார். கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கடைசியா இத தொட்டது யாரு?”

“எல்லாரும்தாண்ணா தொடறாங்க.”

“எல்லாரும்னு ஒரு ஆளு கெடையாது. ஒரு நேரத்துல ஒருத்தனத்தான் சந்தேகப்படணும் தம்பி. மொத்தமா சந்தேகப்பட்டா சண்டதான் வரும், வேல ஆவாது.”

முதல் சந்தேகம் பக்கத்து ஜெராக்ஸ் கடை மேல். அந்த மெஷின் ஓடும்போது எங்கள் டியூப்லைட் கண் சிமிட்டும். நேராகப் போய் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“இன்னாயா, உங்க கேமுக்காக நான் யாவாரத்த நிறுத்தணுமா?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“கொஞ்ச நேரம் நிறுத்து. நீ நிறுத்தி அது ஓடுச்சுன்னா குத்தம் உன்னுது. அப்பவும் நின்னுச்சுன்னா நீ யோக்கியன். ஊர்ல எவனுக்கு இப்படி ஒரு சான்ஸ் கெடைக்கும்?”

நிறுத்தினார். கம்ப்யூட்டர் அப்போதும் அணைந்தது. சந்தேகம் திரும்பிப் போய், “உன்ன விட்டாச்சு” என்று சொல்லிவிட்டு வந்தார். ஜெராக்ஸ்காரர் அன்று முழுக்க அவரைத் திட்டினார், ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் திட்டினார்.

அதன்பிறகுதான் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். காற்று இழுக்கிற ஜன்னலில் காய்ந்த சந்தனம். ஃபேன் இறக்கை முழுக்கக் குங்குமம், விபூதி. சூட்டை இறக்க வேண்டிய தகடுகளுக்கு நடுவே சாமந்தி இதழ். பெட்டிக்கு மாலை சாத்தி, காற்று போகிற ஓட்டையாகத் தேடித் தேடிப் பொட்டு வைத்தது, அங்கேயே நின்றுகொண்டிருந்த செல்விதான்.

“யம்மா, இதுக்கு மூச்சு முட்டுது. சூடேறினா அதுவா வேகத்தக் கொறச்சிக்கும்.”

“சாமி குங்குமத்தக் குத்தம் சொல்றியாண்ணா?”

“சாமிய ஒண்ணும் சொல்லல. சாமி வெளிய நின்னு பாக்கட்டும்ங்கறேன்.”

சைக்கிள் பம்ப்பால் ஊதினார். செக்கச்செவேலென்று ஒரு மேகம் கிளம்பி என் சட்டையில் இறங்கியது. சிப்பின் தலையில், அதன் சூட்டை இழுக்கத் தடவுகிற பேஸ்ட் காய்ந்து கிடந்தது; அதைச் சுரண்டிப் புதிது தடவினார். மந்தம் போய்விட்டது. ஆனால் சண்டை உச்சத்துக்கு வந்தது, பட்டென்று அணைந்தது.

அப்போதுதான் துண்டு மூட்டையை அவிழ்த்தார். என் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டினார். பையன்கள் மாறி மாறி ஆடினார்கள். அணையவே இல்லை.

கழற்றியதைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தவர், நல்லதையும் மறுபடி கழற்றி, இரண்டையும் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த வெங்காயக் கடைக்குப் போனார். தராசின் ஒரு தட்டில் இதை வைத்தார், மறு தட்டில் அதை. என்னுடையது விருட்டென்று மேலே போனது. அதன் பக்கத்தில் வெங்காயம் போட்டுப் போட்டுப் பார்த்தார்; தட்டுக்கு இறங்க மனசே வரவில்லை.

“ரெண்டு மேலயும் ஒரே வாட்ஸ் எழுதியிருக்குது. வெயிட்ட பாருங்க. ஸ்டிக்கர்தான்யா கனம், உள்ள ஒண்ணுமில்ல. பெரிய கேம் அதிகமா கரண்ட் கேக்குது, இது குடுக்க முடியாம படுத்துக்குது.”

கூட்டம் சிரித்தது. அந்த டப்பா சப்ளையை எனக்கு விற்ற பஜார் கடைக்காரரும் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

நல்லதைத் திரும்ப மாட்டிவிட்டு, துண்டை மடித்து என் மேஜை மேல் வைத்தார் சந்தேகம். “மேட்ச் முடியட்டும். நீ ஒழுங்கா ஒண்ணு வாங்கற வரைக்கும் இது உள்ளயே இருக்கட்டும்.”

“அண்ணா, இத எங்கிட்டயா விட்டுட்டுப் போறீங்க?”

“ஓடறத கழட்டக் கூடாது.” அவ்வளவுதான். வெறுங்கையோடு அவர் நடந்து போனதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பாரம் இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து நடந்தார்.

மேட்ச் நடந்தது. செஞ்சி தோற்றது. அதனால் என்ன, கம்ப்யூட்டர் அணையவில்லை. தோற்றவர்கள் மறுநாளே பழி தீர்க்க வந்தார்கள், அதற்கடுத்த நாள் அவலூர்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். தை பிறந்தது. செல்வி செங்கல் சூளைப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் பஜாரில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. டப்பா விற்ற கடைக்காரர் சொன்னது ஒரே வரி. “புது சப்ளைய கழட்டிட்டுப் பழச மாட்டிட்டான்.” அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அந்தக் கடைக்காரரின் சாமர்த்தியம். கேட்டவர்கள், புதிதைச் சந்தேகம் அமுக்கிக்கொண்டார் என்றே எடுத்துக்கொண்டார்கள். சந்தேகம் மூட்டையில்லாமல் வெறுங்கையோடு திரிவதை எல்லோரும் பார்த்தார்கள். பேச்சுக்கு அதுவே சாட்சியானது.

நான் டீக்கடை டீக்கடையாகப் போய் நடந்ததைச் சொன்னேன். “உனக்கு எவ்ளோ கமிஷன்?” என்று கேட்டார்கள். வெங்காயக் கடைக்காரரைச் சாட்சிக்கு இழுத்தேன். “நான் தராசு குடுத்தேன். மத்தது எனக்குத் தெரியாதுப்பா” என்றார். விட்டுவிடப்பட்ட ஜெராக்ஸ்காரர்கூட, “அவன் என்னையே சந்தேகப்பட்டவன்” என்றார். வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவர் சந்தேகம் அண்ணன், ஒவ்வொருத்தராக, சோதித்துப் பார்த்து. ஊர் திருப்பிச் சந்தேகப்பட்டபோது மொத்தமாகச் சந்தேகப்பட்டது. சோதிக்கவே இல்லை.

பஜாரில் ஒரு காலத்தில் அவருக்கும் கடை இருந்ததாம். அவருடைய சொந்த மச்சானே புது அட்டைப்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்க, அடி வாங்கியது இவராம். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

பாண்டிச்சேரியில் கனமான புது சப்ளை ஒன்று வாங்கிக்கொண்டு, நல்லதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டு. சென்னைக்குப் போய்விட்டார், ஏதோ அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் என்றார்கள். நம்பர் வாங்கிப் பேசினேன்.

“சம்பளம் குடுத்து சந்தேகப்படச் சொல்றாங்க தம்பி” என்றார். “ஊர்ல சும்மா செஞ்சப்ப ஒருத்தனுக்கும் புடிக்கல.”

“உங்க நல்லது இங்கதாண்ணா இருக்குது. கொண்டாந்து குடுத்துடறேன்.”

“ஓடுதா?”

“ஓடுதுண்ணா.”

“எவனாச்சும் கழட்டினானா?”

“நான் தொட விடல.”

“அப்ப அங்கயே இருக்கட்டும். நம்பி வெக்கறதுக்கு இங்க எடமில்ல.”

பாண்டிச்சேரியில் வாங்கியது அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரண்மேல் இருக்கிறது. இந்த வருஷ ஆயுத பூஜைக்குச் செல்வி கம்ப்யூட்டர் பக்கம் குங்குமத்தைக் கொண்டு போகவில்லை. மேஜை மேல் மடித்து வைத்திருந்த பச்சைத் துண்டை எடுத்து உதறி, மறுபடி மடித்து, அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.