நாக்கு நீதிபதியும் நாலு பாட்டில் கோதுமை பீரும்

நம்முடைய ஊர்ப் பக்கம் ஒரு இனம் பெருகிக்கொண்டே வருகிறது. கொசுவைச் சொல்லவில்லை. கொசுவுக்காவது கார்ப்பரேஷன் வண்டி வந்து புகை போடும். இந்த இனத்துக்குப் புகை போட்டாலும், நின்று நிதானமாக மூக்கை உறிஞ்சி, "போன வாரப் புகையில இருந்த அழுத்தம் இதுல இல்லையே" என்று சொல்லும். நாக்கு நீதிபதி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்களும் நானும் பசித்தால் இட்லியைத் தின்போம். அவர் இட்லியை விசாரிப்பார். வாயில் போட்டதும் கண்ணை மூடுவார், தலையைக் கொஞ்சம் சாய்ப்பார், "ம்ம்ம்" என்று ஒரு நீளமான மூச்சு விடுவார், பரிமாறியவள் கரண்டியும் கையுமாக நின்று கால் மரத்துப்போன பிறகு, "பரவாயில்ல, ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்த 'ஆனா'தான் அவருடைய பிழைப்பு. 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் செத்தாலும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அவரும் நம்மைப் போல ஒரு ஆள் ஆகிவிடுவாரே, அந்த அவமானத்தை யார் சுமப்பது?

இப்பேர்ப்பட்டவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில் இருக்கிறார் சரவணக்குமார். கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். ஒரு காலத்தில் அவரும் கடையில் என்ன கொடுத்தார்களோ அதை வாங்கி, எல்லா ஆம்பிளைகளையும் போல மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்த மனிதர்தான். நடுவில் கம்பெனி அவரைக் கொஞ்ச காலம் பெங்களூருக்கு அனுப்பியது. அங்கே ஹோட்டலுக்குள்ளேயே பீர் காய்ச்சும் இடங்கள் இருக்கின்றனவாம். போகும்போது அவர் நாக்கு வாயில் இருந்தது. திரும்பி வரும்போது அது பதவியில் இருந்தது.

அதன்பிறகு வீட்டில் ஒரு சாம்பார் நிம்மதியாகக் கொதிக்க முடியவில்லை.

"நிஷா, இதுல புளி முன்னால வருது, பருப்பு பின்னால வருது, நடுவுல யாருமே இல்லையே."

"நடுவுல பெருங்காயம் வரணும். டிராஃபிக்குல மாட்டிக்கிச்சு போல" என்பாள் அவர் மனைவி நிஷா.

தன் சாம்பாரை அவர் என்ன சொன்னாலும் அவள் ஒரு காதில் வாங்கிக் குழம்பிலேயே விட்டுவிடுவாள். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவள் ஏங்கியது ஒரே ஒரு சனிக்கிழமைதான். அதுவும் தனக்காக இல்லை, தம்பிக்காக.

தம்பி தட்சிணாமூர்த்தி பெங்களூரில் அந்த மாதிரி ஒரு சின்ன பீர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்க்கிறான். டேங்க் கழுவுவது, கோதுமை நிறுப்பது, மூட்டை தூக்குவது என்று கிடந்தவனை முதலாளி இப்போதுதான் நம்பி, "ஒரு டேங்க் நீயே காய்ச்சு" என்று விட்டிருந்தார். இவன் காய்ச்சியது கோதுமை பீர். அதற்கு முதலாளி ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துக் கேட்டு வா. நல்லது என்றால் திங்கட்கிழமை முதல் கடையில் ஊற்றலாம், இல்லை என்றால் டேங்கோடு சாக்கடையில் ஊற்றிவிட்டு நீ பழையபடி கழுவப் போகலாம்.

விஷயம் தெரிந்தவர் என்றதும் அந்தப் பிள்ளைக்கு யார் ஞாபகம் வரும்? மாமாதான் வந்தார். விதி.

நாலு பாட்டிலை ஐஸோடு தெர்மகோல் பெட்டியில் வைத்து, பூந்தமல்லி பைபாஸில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரையான்சாவடி நெரிசலில் ஷேர் ஆட்டோ குலுக்கிய குலுக்கலுக்கெல்லாம், பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் நிஷா புருஷனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"என்னங்க, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் பொய் சொல்லமாட்டேன் நிஷா."

"பொய்யா சொல்லச் சொன்னேன்? நல்லா இருந்தான்னுதானே சொல்றேன்."

"நல்லா இருந்தாலும் எடுத்தவுடனே சொல்லிடக் கூடாது. அதுக்கு ஒரு முறை இருக்கு."

முறை மொட்டை மாடியில் நடந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழ் ஃபிளாட் கோதண்டம் வந்திருந்தார். சரவணக்குமார் தும்மினால்கூட "கரெக்ட்டா தும்முனீங்க சார்" என்று சொல்லும் மனிதர். எதிர்வீட்டு ஏழுமலையும் வந்திருந்தார். ஐயப்பன்தாங்கலில் வயல் இருந்த காலத்திலிருந்தே இருப்பவர்; எதைக் கொடுத்தாலும் சந்தோஷமாகக் குடிப்பவர். இந்த பீருக்கு உயரமான கிளாஸ்தான் வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்ததால், ஏழுமலை தன் மச்சினன் ஜூஸ் கடையிலிருந்து ஃபலூடா கிளாஸ்களைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

நீதிபதி ஃபலூடா கிளாஸில் குடிப்பாரா? அவருக்குத் தனிக் கிளாஸ். பெங்களூரிலிருந்து வந்தது, நெட்டை, இடுப்பு சிறுத்தது. உடைந்துவிடக் கூடாதென்று பழைய வேட்டியில் சுற்றி, பீரோவில் நிஷாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், அந்துருண்டைகளோடு அந்துருண்டையாக மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார். எடுத்தால் கழுவவும் கூடாதாம். தண்ணீர் பட்டால் கிளாஸின் குணம் மாறிவிடுமாம். அதே வேட்டியால் ஒரு துடை. அவ்வளவுதான் அபிஷேகம்.

தட்சிணாமூர்த்தி கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினான். கடைசிக் கொஞ்சத்தைப் பாட்டிலிலேயே சுழற்றி, அடியில் தங்கியிருந்த வண்டலையும் கலக்கி ஊற்றினான். தேனைக் கரைத்த கஞ்சித்தண்ணீர் மாதிரி மங்கலான மஞ்சள். மேலே பாலாடை கனத்துக்கு நுரை.

ஏழுமலை ஒரே மடக்கில் பாதியைக் காலி செய்தார். "இன்னா நைனா இது! பூவம்பழ வாசம் தூக்குது! பழம் அரைச்சு ஊத்திக்கினியா?"

"பழமே போடலண்ணே. ஈஸ்ட் குடுக்கிற வாசம் அது."

"அப்போ கிராம்பு?"

"அதுவும் போடல. எல்லாம் ஈஸ்ட்டுதான்."

"ஒண்ணும் போடாமயே இம்மாம் கீதா? பலே ஆளுடா நீ. ஊத்து, ஊத்து."

கோதண்டத்துக்கு மீசையெல்லாம் நுரை. "ஆஹா" என்று சொல்ல வாயைத் திறந்தவர், சரவணக்குமாரின் முகத்தைப் பார்த்தார். 'ஆ' வெளியே வந்துவிட்டது. 'ஹா' தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் நீதிபதி கிளாஸை மூக்கின் கீழ் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். ஒரு மிடறு. நீளமான "ம்ம்ம்".

"ஒரு மருந்து வாசனை வருது மச்சான்."

"என்ன மருந்து மாமா?"

"ஆஸ்பத்திரி மருந்து இல்ல. எப்படிச் சொல்றது... ரொம்ப நாள் பூட்டி வச்ச ரூம். உள்ள பழைய பட்டுத்துணி. எப்பவோ நடந்த கல்யாணம். அந்த ஃபீல்."

அவர் மூக்கைக் குறை சொல்லாதீர்கள். மூக்கு கண்டுபிடித்ததெல்லாம் அச்சு அசல். விலாசம்தான் தப்பு.

"கரெக்ட் சார்!" என்றார் கோதண்டம். "நானே சொல்லணும்னு இருந்தேன். அடியில ஒரு மாதிரி... இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்." மூன்றாவது பாட்டிலை எடுத்துத் தன் கிளாஸ் நிறைய ஊற்றிப் பார்த்தார். "ஆமாமா. கல்யாணம் நல்லாவே தெரியுது."

"எனுக்கு ஒண்ணும் வர்லியே சார்?" என்றார் ஏழுமலை.

"உங்களுக்கு வராது. அதுக்கெல்லாம் பழகணும்."

அப்பேர்ப்பட்ட ஏழுமலை, ஏரிக்கரையில் கள் இறக்கிய நாளிலிருந்து சொந்த மூக்கை நம்பியே வாழ்ந்த மனுஷன், கிளாஸுக்குள் மூக்கை விட்டு, வெட்கத்தோடு, "லேசா... வர்ற மாதிரிதான் கீது" என்றார். சொல்லிவிட்டு, வருகிறதா என்று பார்க்க நாலாவது பாட்டிலையும் ஊற்றிக் குடித்தார்.

சரவணக்குமார் இன்னும் நாலு மிடறு விழுங்கிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "உன் ஈஸ்ட்டு கெட்டுப்போச்சு மச்சான். டேங்கைக் கொட்டிடு. ஓனர் கேட்டா என் பேரைச் சொல்லு."

தட்சிணாமூர்த்தி போனை எடுத்து முதலாளியின் எண்ணைத் தேடினான். அந்த நேரத்தில்தான் நிஷா தட்டு நிறைய மசால் கடலையோடு மாடி ஏறி வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தட்டைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, புருஷனுடைய கிளாஸை எடுத்து மோந்தாள்.

"என்னங்க இது, என் கூறைப்புடவை வாசனை?"

மறுபடி ஒரு தடவை மோந்தாள்.

"அந்துருண்டைங்க இது! பீரோவுல இருந்து எடுத்து அப்படியே ஊத்தி வச்சிருக்கீங்க." ஏழுமலையின் ஃபலூடா கிளாஸைப் பிடுங்கி மோந்தாள். "இதுல வாழைப்பழம் மணக்குது. நீங்களே பாருங்க." இரண்டையும் அவர் மூக்கருகே நீட்டினாள்.

பார்த்தார். தெரிந்துவிட்டது, காது மடல் சிவந்ததே. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் "அடக் கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பான், கூட நாலு பேர் சிரித்திருப்பார்கள், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நாக்கு நீதிபதி சிரிக்கலாமா?

"அந்துருண்டை இருக்கலாம். ஆனா, அதைத் தாண்டியும் ஒண்ணு இருக்கு."

"சரி. தாண்டியே பாத்துடுங்க. தம்பி, கழுவுன கிளாஸ்ல மாமாவுக்கு ஊத்து."

தட்சிணாமூர்த்தி முதல் பாட்டிலைக் கவிழ்த்தான். காலி. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் காலி. கோதண்டத்தின் கிளாஸில் நுரைகூட மிச்சமில்லை, வழித்திருந்தார்.

"கெட்டுப்போனதை யாருங்க இப்படிக் குடிச்சது?" என்று கேட்டாள் நிஷா.

கோதண்டம் தண்ணீர்த் தொட்டியின் மூடியை ஆராய்ந்தார். ஏழுமலை மட்டும், "தப்பா நென்ச்சுக்காதம்மா, நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல பயந்துட்டேன்" என்றார்.

தட்சிணாமூர்த்தி அந்த மூன்று கிளாஸ்களையும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனைக் காதில் வைத்தான்.

"சார், நான்தான். குடிச்சாங்க சார்... ஒருத்தருக்குப் புடிக்கல... மத்த ரெண்டு பேருக்கு அவர் சொல்ற வரைக்கும் புடிச்சுது... மிச்சமா? பாட்டில்ல ஒரு சொட்டு இல்ல சார்... ஆமா சார், அந்தப் புடிக்கலன்னவர் கிளாஸும் பாதிக்கு மேல காலிதான்... சரிங்க சார். சரிங்க சார்!"

போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். "திங்கக்கிழமை ஊத்தறாங்கக்கா."

நிஷா புருஷன் பக்கம் திரும்பினாள். இப்போதாவது அந்த ஒரு வார்த்தை வருமா என்று நின்றாள். சரவணக்குமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் சொன்ன பாயின்ட்டை மட்டும் மனசுல வச்சுக்க மச்சான்."

இன்றைக்குப் போய்க் கேளுங்கள். ஐயப்பன்தாங்கலிலிருந்து திருவேற்காடு வரை அவருக்குத் தெரிந்த அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்: பெங்களூரில் ஒரு கோதுமை பீர் சக்கைப்போடு போடுகிறது, அதை முதன்முதலில் பரிசோதித்துக் கொடுத்ததே அவர்தானாம். கோதண்டம் பக்கத்தில் நின்று, "நான் சாட்சி சார்" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிரியாணிக் கடைக்குப் போனீர்களே, உள்ளே நுழையும் முன்னால் வாசலில் நின்று போனைத் தடவி, யாரோ முகம் தெரியாதவர்கள் போட்ட நட்சத்திரத்தை எண்ணினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சி, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கி, ஏப்பம் விட்டு, கை ஈரம் காய்வதற்குள் அதே போனை எடுத்து, அந்தக் கடைக்காரனுக்கு மூன்று நட்சத்திரம் போட்டது யார்?