தாய்மாமன் இல்லாத பிளக்ஸ்

படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் உங்கள் பிள்ளையை டியூஷனுக்கு விடாதீர்கள். கல்லூரியில் கற்ற அத்தனையையும் யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டும் என்று அவர் தவித்துக்கொண்டிருப்பார். யாரையோ மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் அப்படி இருந்தவள் நான்தான்.

மதுரையில் விஸ்காம் முடித்திருந்தேன். (காட்சித் தொடர்பியல் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் பாதிப் பேர் என்னைக் கண் டாக்டர் என்று நினைத்து, கண்புரை எப்போது எடுக்கலாம் என்று கேட்டார்கள்.) ஏழு மாதம் வேலை இல்லை. அப்போதுதான் அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் ராஜாமணி என்பவரிடமிருந்து போன் வந்தது. அவர் மகள் பவித்ரா பிளஸ் டூ. சென்ட்ரல் சிலபஸில் விருப்பப் பாடமாக ஊடகவியல் எடுத்திருந்தாள். பள்ளியில் அந்தப் பாடத்துக்கு அவள் ஒருத்திதான். பாடம் எடுத்த சார் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் போனவர்தான். பரீட்சை நாங்கள் வைப்போம், பாடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள்.

ராஜாமணிக்கு அந்தப் பாடத்தின் மேல் சுத்தமாக நம்பிக்கையில்லை. முதல் நாளே என்னை உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

“புராஜெக்ட்டுல நல்ல மார்க்கு வாங்கிட்டான்னா மெட்ராஸுல இதுக்குண்டான காலேஜுல சேத்துவிடுறேன்னு சொல்லியிருக்கேன் மிஸ்ஸு. வாங்கலைன்னா இங்கனயே பி.காம். அவளும் சரின்னுட்டா. இனி ஒங்க கையிலதேன் இருக்கு.”

பவித்ரா பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். மெட்ராஸுக்கு டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரைப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரின் எதிர்காலம் என் கையில் இருந்தது. என் எதிர்காலத்தை அதற்கு முன் நான் என்ன லட்சணத்தில் வைத்திருந்தேன் என்பதை அவர் விசாரித்திருக்கலாம்.

டியூஷன் மாடியில். கீழே முழுக்க வத்தல் மூட்டை. நெடி படியேறி வந்து மூக்கில் உட்காரும். ஒரு வரி பாடம், இரண்டு தும்மல் என்று போகும். அந்தத் தும்மலுக்கு நடுவில்தான் கேமராக் கோணம், விளம்பரத்தின் உட்பொருள், பார்வையாளர் ஆய்வு எல்லாம் நடத்தினேன். பவித்ரா கெட்டிக்காரி. நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று கேள்வி கேட்பாள். முதல் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.

புராஜெக்ட் என்னவென்றால், உள்ளூரில் ஜனங்கள் உண்மையிலேயே புழங்குகிற ஓர் அச்சுப் பொருளைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். அதை ஜனங்கள் முன்னால் வைத்து, அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அறிக்கை எழுத வேண்டும். அறிக்கைக்குத்தான் மார்க் அதிகம். (இந்தக் கடைசி வரியை நான் வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டேன்.)

அந்தத் தை மாதம் அவர்கள் வீட்டில் காதுகுத்து வைத்திருந்தார்கள். பவித்ராவுக்குப் பின் பதிமூன்று வருஷம் கழித்துப் பிறந்த தங்கை யாழினிக்கு. குலதெய்வக் கோயில் பரளச்சிக்குப் பக்கத்தில் கரிசல்காட்டின் நடுவே இருந்தது. விசேஷத்துக்கு எப்படியும் ரோட்டோரம் பிளக்ஸ் வைக்க வேண்டும். “இதுதான் நம்ம புராஜெக்ட்” என்று நான் அறிவித்தேன்.

எங்கள் பக்கத்துக் காதுகுத்து பிளக்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சாமி. அதற்குக் கீழே காலமாகிவிட்ட தாத்தாக்கள். நடுவில் குழந்தை. குழந்தையின் இரண்டு பக்கமும், குழந்தையைவிடப் பெரிதாகத் தாய்மாமன்கள், கைகூப்பியபடி. கீழே மூன்று வரிசைக்குப் பங்காளி மக்கள், கூலிங்கிளாஸ் போட்டவர் பாதி, போன் பேசுகிறவர் பாதி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடியிறக்கிக் காது குத்த வேண்டும் என்பதால் அவர்களுக்கு அந்தப் பெரிய இடம். பவித்ராவின் தாய்மாமன்கள் மூன்று பேர். பரளச்சியில் மளிகைக்கடையும் மானாவாரி நிலமும் வைத்திருக்கிறார்கள். பிளக்ஸுக்கென்றே மூன்று பேரும் அருப்புக்கோட்டைக்கு வந்து, மீசைக்கு மை போட்டு, ஸ்டுடியோவில் கோட்டு வாங்கி மாட்டிப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு நான் பவித்ராவிடம் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இதெல்லாம் காட்சி இரைச்சல் என்றேன். நல்ல வடிவமைப்பு என்றால் வெற்றிடம் வேண்டும், பார்க்கிறவர் கண் மூச்சுவிட வேண்டும் என்றேன். பவித்ரா பயந்துபோய், மாமாக்கள் முகம் இல்லாமல் பிளக்ஸ் வைத்தால் பெரிய பிரச்சினை ஆகும் என்று இரண்டு தடவை சொன்னாள். ரசனையை வளர்ப்பதுதான் ஊடகத்தின் கடமை, மாமாக்களை அறிக்கையின் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பன்னிரண்டடிக்கு எட்டடி. முழுக்க வெள்ளை. வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கம்மல், அதற்கடியில் ‘யாழினி’ என்ற பெயர், தேதி. அவ்வளவுதான். பிளக்ஸ் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை, பைல் பாதிதான் வந்திருக்கிறது என்றார். அடுத்த தடவை, மெஷினில் மை தீர்ந்துவிட்டதோ என்று கழற்றிப் பார்த்ததாகச் சொன்னார். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. ராஜாமணி மட்டும் மாமன்மார் போட்டோ எல்லாம் வந்துவிட்டதா என்று விசாரித்தார். வந்துவிட்டது என்றேன். பொய் இல்லையே, என் போனில்தான் இருந்தது.

விசேஷத்தன்று காலை எட்டு மணிக்கே பிளக்ஸை ரோட்டிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் கட்டிவிட்டார்கள். கரிசல்காட்டில் நிழலுக்கு நாலு உடைமரம்தான். அங்கே தை மாத வெயில் பன்னிரண்டடி வெள்ளைத் துணியில் பட்டு எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தது. பார்க்கிறவர் கண் மூச்சுவிட வேண்டும் என்று நான் வைத்த பிளக்ஸை ஒருவராலும் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. ஒரு பெரியவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, என்ன படம் போடப்போகிறார்கள் என்று என்னிடமே கேட்டார்.

ராஜாமணி பந்தி வேலையில் இருந்ததால் ரோட்டுப் பக்கம் வரவேயில்லை. ஒன்பதரைக்குப் பரளச்சி வேன் வந்து நின்றது. மூன்று மாமன்கள், அத்தைமார், சீர்த்தட்டு இருபத்தொன்று, மேளம், ஒரு கிடா. இறங்கினார்கள். மேளம் ஆரம்பித்தது. மூத்தவரான முத்தையா மாமா பிளக்ஸைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போனார். முகமெல்லாம் மறுபக்கத்தில் இருக்கிறதோ என்று பார்க்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து கையைக் காட்டினார், மேளம் நின்றுவிட்டது.

செய்தி கோயிலுக்குப் போய், ராஜாமணி ஓடிவந்தார். அவர் பிளக்ஸைப் பார்த்ததும் அப்போதுதான்.

முத்தையா மாமா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “செத்துப்போன எங்க அய்யாவுக்கே எல்லாப் பேனர்லயும் எடம் வைப்பாக மாப்ளே. உசுரோட வந்து நிக்கிறோம், எங்களுக்கு எடமில்லைன்னுட்டீக” என்றார். அப்புறம் சீர்த்தட்டை எல்லாம் திரும்ப வேனில் ஏற்றச் சொல்லிவிட்டு உடைமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார், குழந்தை ஊசியைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. பவித்ராவின் அம்மா செல்வி, புருஷன் வீட்டார் வேண்டுமென்றே தன் அண்ணன்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு தூணில் சாய்ந்து அழுதாள். எங்கள் ஊர்களில் இப்படி ஆரம்பிக்கிற மனஸ்தாபம் ஒரு தலைமுறைக்கு ஓடும். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றுவிடும். ராஜாமணி என் பக்கம் திரும்பி, இதுதான் புராஜெக்ட்டா என்று கேட்டார். பவித்ரா முகத்தைப் பார்த்தேன். மெட்ராஸ் பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுவது நான்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். நான் சமாதானம் பேசப் போனேன்.

முத்தையா மாமா முன்னால் நின்று, வெற்றிடத்தின் தத்துவத்தை எளிய தமிழில் விளக்கினேன். வெளிநாட்டில் பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை நம்பி, வாயிலிருந்து வரக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். “இந்த பிளக்ஸ்ல நீங்க எல்லாரும் இருக்கீங்க மாமா. கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.”

“அப்படியா? எங்க சீரும் அந்த மாதிரிதேன் தாயி, கோயில்ல வச்சாச்சு. கண்ணுக்குத் தெரியலைன்னா நான் என்ன செய்ய?”

மரத்தடியில் இருந்த அத்தைமார்கூடச் சிரித்துவிட்டார்கள். எனக்கு நின்ற இடத்தில் கரிசல் மண் பிளந்தால் தேவலை போலிருந்தது. (தை மாதமாகிவிட்டது, வெடிப்புகள் தயாராகத்தான் இருந்தன.)

அப்போது பவித்ரா வந்தாள். என்னைத் தாண்டிப் போய் மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தப்பு எங்கள் பேரில்தான், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது என்று முதலில் சொன்னாள். பிறகு போனில் ரெக்கார்டரைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, “பேனர்ல உங்க மொகம் எதுக்கு மாமா? சொல்லுங்க, நான் தெரிஞ்சுக்கிறேன்” என்றாள்.

அந்தக் கேள்வியை இரண்டு மாதப் பாடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. வடிவமைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். “எங்க மூஞ்சி அழகுன்னா வைக்கச் சொல்றோம்? ரோட்டுல போற வார ஆளுக்குத் தெரியணும்லத்தா, இந்தப் பிள்ளைக்குப் பின்னால இத்தன பேரு நிக்கிறாகன்னு. பொட்டப்பிள்ள. நாளைக்கு எவனும் ஒரு வார்த்த சொல்லீரக் கூடாதுல்ல. ஒனக்குக் காது குத்துனப்பயும் நின்னோம். அதுக்குத்தேன் மொகம்.”

பவித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். எழுந்து பிளக்ஸைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். “அப்ப அதுக்கு முன்னால வந்து நில்லுங்க மாமா. எடம் நிறைய இருக்கு” என்றாள்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். மூன்று மாமன்களும் வெள்ளை பிளக்ஸுக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்கள். ஸ்டுடியோவில்கூட அப்படி ஒரு பின்னணி கிடைத்திருக்காது. அத்தைமார் வந்தார்கள், வேனிலிருந்து சீர்த்தட்டு இறங்கியது, கிடாவையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். செல்வி கோயிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முத்தையா மாமா கையில் கொடுத்தாள். பவித்ரா போனில் படமாக எடுத்துத் தள்ளினாள். வெயிலில் எல்லாருக்கும் கண் இடுங்கியிருந்தது, ஒருவரும் கோபமாக இல்லை. பத்து மணிக்கு மேளம் மறுபடி கிளம்பியது. பத்தரைக்குள் முடியும் இறங்கி, மாமா மடியில் காதும் குத்தியாகிவிட்டது. குழந்தை போட்ட அலறலில் என் அழுகை யார் காதிலும் விழவில்லை.

அறிக்கையைப் பவித்ராவே எழுதினாள். நான் ஒரு வரி திருத்தவில்லை. ‘எங்கள் வடிவமைப்பு தோல்வியடைந்தது. பார்க்கிறவரையும் படத்தில் இருக்கிறவரையும் கேட்காமல் செய்ததே காரணம்’ என்று ஆரம்பித்திருந்தாள். மாமா பேசியது வார்த்தை பிசகாமல் உள்ளே இருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதை நின்றபடியே முழுக்கப் படித்தாராம். தோல்வியைப் பற்றி இப்படி எழுத யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். எங்கள் மிஸ் என்று அவள் சொல்லியிருக்கிறாள். முழு மார்க்குக்கு ஒன்று குறைவு. ராஜாமணி சொன்ன சொல் மாறவில்லை. இப்போது அவள் சென்னையில் ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறாள்.

எனக்கும் அதன்பின் நிறைய மாணவர்கள் வந்தார்கள். இன்று ஊடகவியலுக்குத் தனி டியூஷன் என்றால் அருப்புக்கோட்டையில் என்னைத்தான் சொல்வார்கள். பாடத்தின் முதல் நாளில் நான் வாயைத் திறப்பதில்லை, அவர்களைப் போய் யாரிடமாவது கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். என் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை, தாய்மாமன் செய்ய வேண்டியதைத் தூரத்து உறவு யாரோ செய்வதாக ஏற்பாடு. பத்திரிகை வைக்கப் போனபோது ராஜாமணி வீட்டில் இதைச் சொல்லியிருந்தேன். கல்யாணத்தன்று காலை மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் இருபதடி பிளக்ஸ் ஒன்று நின்றது. நாங்கள் வைக்கவில்லை. உள்ளங்கை அளவுகூட வெற்றிடம் இல்லாமல் முப்பத்தெட்டு முகம். நடுவில் நான். என் இரண்டு பக்கமும் மூன்று பேர் கைகூப்பி நிற்க, அவர்களுக்கு மேலே ‘மணமகளின் தாய்மாமன்கள், பரளச்சி’ என்று போட்டிருந்தது. மண்டபத்து வாசலில் முத்தையா மாமா மாலையோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும், கண்ணில் தீட்டியிருந்த மை அத்தனையும் கன்னத்துக்கு வந்துவிட்டது.

என் கணவருக்கு அந்த பிளக்ஸின் மேல் இன்னும் மனக்குறை உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, மாப்பிள்ளையைக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்கிறார். மூன்றாவது வரிசையில், போன் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பின்னால், இவருடைய ஒரு காது தெரிகிறது.