வன்னிமரத்துக்கு ஒரு வேட்டி

வன்னிமரத்தில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தீர்த்தகிரி நிமிர்ந்தபோது, கூட வேலை பார்க்கும் சாலம்மாள் கத்தினாள்.

"ஏண்ணா, புத்தி கெட்டுப்போச்சா? சனிக்கிழமையானா அண்ணி வெளக்கு வெச்சு சுத்துற மரம் இது! இதைப் புடுங்கிட்டு வூட்டுக்குப் போனா சோறு போடுமா?"

"நான் என்ன பண்ணட்டும்? ஏரிக்கரையில இருக்கிற புரோசோபிஸ் எல்லாத்தையும் புடுங்கணும்னு ஆபீசுல எழுதிக் குடுத்திருக்காங்க. மரத்துல அடிச்சிருக்கிற பேர்த் தகரத்தைப் பாரு. பு... ரோ... சோ... பிஸ்."

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்றவர் தீர்த்தகிரி. கண்ணால் பார்த்ததைவிட எழுத்தில் பார்த்ததைத்தான் நம்புவார்.

"அப்ப பக்கத்துல நிக்குதே சீமைக்கருவேலம், அது?"

"அதோட தகரத்துல நெல்டுமான்னு வேற பேரு போட்டிருக்கு."

சொல்லும்போதே அவருக்கும் சந்தேகம் தட்டியது. தகரம் மாட்டிய காலேஜ் டீச்சர் ஜாஸ்மினுக்குப் போன் போட்டார்.

"ஐயோ அண்ணா! ரெண்டுக்கும் முன்பேரு ஒண்ணாத்தான் இருந்துச்சு. அவ்வளவு நெருங்கின சொந்தமில்லைன்னு இப்பக் கண்டுபுடிச்சு, சீமைக்கருவேலத்துக்குப் புதுப்பேரு வெச்சுட்டாங்க. நான் புதுசை எழுதினேன், ஆபீசுல பழசையே எழுதிட்டாங்க. புடுங்க வேண்டியது சீமைக்கருவேலத்தைத்தான், வன்னியைத் தொட்டுடாதீங்க!"

"பாகம் பிரிச்சா ஊருக்குச் சொல்ல மாட்டீங்களாம்மா?"

தூரத்தில் ஜேசிபி சத்தம் கேட்டது. தீர்த்தகிரி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். குறி கரைந்து முறம் அகலத்துக்குப் பரவியது. சாலம்மாள் சுண்ணாம்பு பூசினாள். ரோஸ் கலரில் பளபளத்தது. ஏரிச் சேற்றை அப்பினார்கள். அது வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. கடைசியில் தீர்த்தகிரி இடுப்பு வேட்டியை அவிழ்த்து மரத்துக்குச் சுற்றிக் கட்டிவிட்டு, டவுசரோடு ஓடினார். சீமைக்கருவேலம் ஒன்று விடாமல் சிவப்பு போட்டார். முள் கிழித்ததில் பெயிண்ட் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

"மரத்துக்கு மானம் வந்துருச்சு, உனக்குப் போயிருச்சுண்ணா" என்று சாலம்மாள் சிரித்தாள்.

"சோறு முக்கியம், சும்மா இரு."

ஜேசிபி வந்து நின்றது. டிரைவர் மாதேஷ், வரிசையாகச் சிவந்து நின்ற சீமைக்கருவேலங்களைப் பார்த்தான். பிறகு வண்டியை நேராக வன்னியைப் பார்த்துத் திருப்பினான்.

தீர்த்தகிரி கையிரண்டையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"டேய், செவப்பு போட்டதைப் புடுங்குடா!"

மாதேஷ் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"செவப்பு போட்டதை விட்டுட்டு மத்ததைப் புடுங்கணும்னு போன வாரமே மாத்திட்டாங்களேண்ணா, உங்களுக்குச் சொல்லலீங்களா?"