கேட்காமல் கட்டிக்கொண்டவர்

உப்பு தீர்ந்தால் அடுத்த வீட்டில் ஒரு பிடி கேட்பது ஊர் வழக்கம். கேட்கக் கூச்சப்பட்டு, கொல்லையிலேயே உப்பளம் வெட்டுகிற இனம் ஒன்று உண்டு, பார்த்திருக்கிறீர்களா? சின்சு நகரத்து எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் செங்ஹான்.

ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவும் அதிகாரம் ஃபாங் அக்கா ஒருவருக்குத்தான். அவர் மேசை நாலெட்டு தூரத்தில். ஆய்வு மாணவன் செங்ஹானுக்கு நிலநடுக்க வரைபடம் போட ஒரு சின்ன மென்பொருள் வேண்டியிருந்தது.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளேன்டா," என்றான் பக்கத்து மேசை போவெய்.

"கேட்டா 'எதுக்கு வேணும்'பாங்க. அப்புறம் 'திங்கக்கிழமை பாக்கலாம்'பாங்க. எனக்கென்ன கை இல்லையா?"

கை இருந்தது, அதுதான் வினை. தன் கோப்புறைக்குள்ளேயே மூலநிரலை இறக்கி, மென்பொருளைத் தானே கட்ட ஆரம்பித்தான். அது ஒரு துணைநிரல் நூலகத்தைக் கேட்டது, நூலகம் இன்னொரு நூலகத்தைக் கேட்டது, அதுவோ 'உன் கம்பைலர் பழசு' என்று முகத்தைத் திருப்பியது, மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுகிற அந்தக் கம்பைலரையே கட்ட உட்கார்ந்தான், டப்பா சோறு ஆறிக் காய்ந்தது. இயந்திரம் முரண்டாமலிருக்க எங்கள் ஊர் வழக்கப்படி சர்வர் மேல் எல்லோரும் வைக்கிற பச்சைப் பொட்டலச் சோளப்பொரியை, சர்வர் அறைச் சாவியைக் கேட்கவும் மனமில்லாமல், தன் திரை மேலேயே வைத்துக் கும்பிட்டான். மென்பொருள் ஓடியது. தலைகால் புரியவில்லை அவனுக்கு.

பிறகு ஆய்வகமே அவன் கோப்புறையில் இருந்தபடியே அதை ஓட்டியது. இளைய மாணவி யூச்சிங்கின் ஆய்வேடு முழுக்க அதை நம்பித்தான்.

"அண்ணே, இன்னொண்ணும் கட்டித் தரீங்களா?"

"எதுக்கு வேணும்? திங்கக்கிழமை பாக்கலாம்."

கேட்டீர்களா?

செங்ஹானுக்குப் பட்டம் வந்தது. படிப்பு முடிந்தவன் கணக்கை மூடிவிடுவார்கள், கோப்புறையும் போய்விடும். வேறிடத்துக்குத் தூக்கலாமென்றால், கட்டிய இடத்து முகவரி ஒவ்வொரு நிரலின் வயிற்றிலும் பதிந்து கிடக்கிறது. நகர்த்தினால் ஒன்றும் ஓடாது.

"அடுத்த வாரம் நான் ஆய்வேட்டைக் கொடுக்கணும்ணே," என்றாள் யூச்சிங், அழாத குறையாக.

செங்ஹான் எழுந்தான். அந்த நாலெட்டை நடக்க அவனுக்கு ஒரு படிப்புக் காலமே ஆகியிருந்தது.

"அக்கா, என் கணக்கை மூடாம வச்சிருக்க முடியுமா?"

"எதுக்கு?"

சொன்னான். ஃபாங் அக்கா ஒரு வரி தட்டினார். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அந்த மென்பொருள் எல்லோருக்குமாக நிறுவப்பட்டுவிட்டது.

"இவ்வளவுதானா தம்பி? நீ ராப்பகலா என்னமோ கட்டுறியே, என்னன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். கூச்சமா இருந்துச்சு."

நீங்கள் இந்த இனமில்லை, தெரியும். ஆனால் புது ஊரில் வழி கேட்காமல் தெருத்தெருவாய்ச் சுற்றிவிட்டு, 'நடந்தா உடம்புக்கு நல்லது' என்று வீட்டில் சொன்னது யார்? நான் கேட்கப்போவதில்லை. எனக்கும் கூச்சம்தான்.