மூன்று துப்பாக்கிச் சாமிகளும் ஒரு மூங்கில் தடியும்

பெரிய மனிதன் என்றால் அவனுக்கு ஒரு சேகரிப்பு இருந்தே தீரவேண்டும் என்பது, ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்த வருஷங்களில், காஞ்சிபுரத்தில் எழுதாத சட்டமாகியிருந்தது. ஒருவர் கடிகாரம் சேர்த்தார். ஒருவர் கிராமபோன் சேர்த்தார். பிள்ளையார்பாளையத்துப் பட்டு வியாபாரி கலியாணசுந்தர முதலியார் யோசித்தார். கடிகாரம் எவன் வீட்டில்தான் இல்லை? நேரே பட்டணத்து ஏலத்துக்குப் போய், சண்டையில் மிஞ்சிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றை வாங்கிவந்தார். விசையை ஒரு தரம் அழுத்தினால் போதும், நிமிஷத்துக்கு ஐந்நூறு குண்டு தானாகவே பாயுமாம். முதலியாரிடம் ஒரு குண்டுகூடக் கிடையாது. இருந்தாலென்ன, சுடுவதற்கா வாங்கினார்? சேகரிப்பு ஐயா, சேகரிப்பு!

"பொடவைன்னா நெய்யணும், விக்கணும். இது கூடத்துல சும்மா குந்திக்கினு இருந்தாலே விலை ஏறுது," என்று சம்சாரம் மங்கையர்க்கரசிக்குப் பொருளாதார சாஸ்திரம் போதித்தார். இரண்டாவது வந்தது. மூன்றாவது, உலகத்திலேயே ஏழுதான் உண்டு என்று ஏலக்காரன் சத்தியம் செய்த அபூர்வம். அதற்காக அந்த அம்மாளின் ஒட்டியாணம் சேட்டுக் கடையில் விலையாகிவிட்டது.

"தங்கச்சி மவ கல்யாணத்துக்கு இத்த இடுப்புல கட்டிக்கினு போவட்டுமா?" என்றாள் அவள்.

"தை பொறக்கட்டும்மா. ஒரு ஜமீன்தாரு மூணையும் ரெட்டை விலைக்குக் கேட்டு எழுதிக்கிறாரு. ஒண்ணுக்கு ரெண்டா பண்ணிப்போடறேன்."

தைக்கு முந்திக்கொண்டவர் ஆயுதத் தணிக்கை அதிகாரி பரசுராமன்.

"துப்பாக்கி வைத்திருக்க உத்தேசம் என்ன? லைசென்சு நமூனாவில் இரண்டே கலம். புலி வேட்டை, பன்றி வேட்டை."

"சேகரிப்புங்க."

"அப்படி ஒரு கலம் இல்லை. ஆகவே அப்படி ஒரு காரியமும் இல்லை."

"ஏனாத்தூர் பக்கம் ஒரு நரி இருக்குதுங்க."

"ஒரு நரிக்கு நிமிஷத்துக்கு ஐந்நூறு குண்டா? நரி என்னய்யா பாவம் பண்ணிற்று?"

எட்டாம் நாள் ஜப்தி என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அந்த எட்டாம் நாள் ஆயுத பூஜையாக வாய்த்தது. தறிக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்த மங்கையர்க்கரசி, வழியில் நின்ற மூன்றுக்கும் கை வாக்கில் வைத்துப் பூவும் சுற்றிவிட்டாள். விடுமுறை என்றும் பாராமல் பரசுராமன் உள்ளே நுழைந்தார். கற்பூர வாசனை மூக்கில் ஏறியதும் கால் பூட்ஸைக் கழற்றியது, கை தானாகக் கும்பிட்டது.

முதலியார் துள்ளி எழுந்தார். "கும்பிட்டீங்களே! கும்பிட்டா அது சாமி. சாமியை ஜப்தி பண்ண ரூல் இருக்குதாங்களா?"

பரசுராமன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ரூல் இல்லை. 'மேற்படி மூன்றும் துப்பாக்கிகள் அல்ல, தெய்வங்களே என்று இதனால் உறுதி கூறுகிறேன்' என்று முதலியாரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கையோடு சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார். முதலியார் கூடத்தில் ஒரு சுற்று ஆடியேவிட்டார்.

ஒரே வாரம். கோயில் பரிபாலனக் காரியாலயத்திலிருந்து கிருஷ்ணஸ்வாமி என்பவர் உண்டியலோடு வந்து நின்றார்.

"இங்கே மூன்று தெய்வங்கள் முன் அனுமதியின்றி எழுந்தருளியிருப்பதாகத் தகவல்."

"ஐயையோ, அது துப்பாக்கிங்க!"

"அப்படியா? இது யார் கையெழுத்து?"

கூடம் சன்னதியாயிற்று. முதலியார் குடும்பம் சமையற்கட்டுக்கு ஒதுங்கிற்று. நேற்றுவரை கேலி பண்ணிய ஊர் வரிசையில் வந்து நின்றது. மற்ற சாமி ஒரு வேண்டுதலுக்கு ஒரு வரம். இது நிமிஷத்துக்கு ஐந்நூறாயிற்றே! தையில் ஜமீன்தாரும் வந்தார். விலை பேச வாயைத் திறந்தவர், நெய்விளக்கைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் சேட்டுக் கடைக்கு ஆள் விட்டு ஓர் ஒட்டியாணம் வாங்கிவரச் செய்து, மூன்றாம் சாமிக்குக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

"அது என்னுதுங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

நகை வந்தபின் காவல் வேண்டாமா? சாமியின் சுபாவம் தெரிந்தவர் என்று முதலியாரையே சம்பளமில்லாத கௌரவக் காவலராக நியமித்து, மூங்கில் தடி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மறுநாளே பரசுராமன் வந்தார்.

"தடிக்கு லைசென்சு? உத்தேசம் என்ன?"

"சாமியைக் காப்பாத்தறதுக்குங்க."

"சாமியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் பரிசீலிக்கலாம்." அந்தச் சாமியிடமே பிரமோஷனுக்கு வேண்டிக்கொண்டிருந்தபடியால், அவர் இதைக் குரலைத் தாழ்த்தியே சொன்னார்.

முதலியார் வரிசையைப் பார்த்தார். ஒருத்தன் அசையவில்லை. அவனவனுக்கு அங்கே ஒரு வேண்டுதல் பாக்கி.

மங்கையர்க்கரசி விடுவிடென்று வந்து பரசுராமன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். "நான் போடறேன். இடுப்புல கெடந்ததைப் புடுங்கிக்கினு நிக்குது, இது ஒரு சாமியா!" போட்டுவிட்டுப் புருஷனிடம் நீட்டினாள். "நீங்களும் போடுங்க."

முதலியார் பேனாவைத் தொடவில்லை. ஒட்டியாணம் கட்டிய துப்பாக்கியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் காதோரம் குனிந்தார்.

"சத்தம் போடாதம்மா. உன் ஒட்டியாணம் திரும்பக் கெடைக்கணும்னு அதுங்கிட்டதான் வேண்டிக்கினு இருக்கறேன்."