பன்னிரண்டு கைவிடப்பட்ட எண்ணங்கள்

ஒரு விளையாட்டு நன்றாக இருக்கிறது என்பது அதை அனுமதிப்பதற்குப் போதுமான காரணமாகாது. ஊர்காவற்றுறையில் இயங்கிவந்த தீவக உல்லாச ஊக்குவிப்பு அலுவலகம் இந்த முடிவுக்கு வருவதற்கு நான்கு கூட்டங்களும் ஒரு பயிலரங்கும் தேவைப்பட்டன. நிரோஜன் என்ற ஒரு மனிதரும் தேவைப்பட்டார்.

நிரோஜன் நெடுந்தீவுக்காரர். வயது முப்பத்தாறு. அந்த அலுவலகத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக வடிவமைப்பு உத்தியோகத்தர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அங்கே ஒரு நிரந்தரத் தன்மை உண்டு. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் தற்காலிகமாகவே நரைத்து, தற்காலிகமாகவே பிரியாவிடை பெற்று வீட்டுக்குப் போனவர்.

காலையில் படகு, பிறகு பஸ். பின்னேரம் பஸ், பிறகு படகு. புங்குடுதீவில் படிப்பிக்கும் மனைவி பவதாரணியும் அவரும் குறிகட்டுவான் துறையில் சந்தித்து, நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்த ஒருநாள், பிஸ்கற் பெட்டியின் மட்டையைக் கிழித்து, அறுபது கட்டம் கீறி, நிரோஜன் ஒரு விளையாட்டைச் செய்தார். குறிகட்டுவானில் தொடங்கி நெடுந்தீவில் முடிய வேண்டும். தாயக்கட்டையை உருட்டிப் புளியங்கொட்டையை நகர்த்த வேண்டும். சோளகக் காற்று வந்தால் ஐந்து கட்டம் பின்னே. இயந்திரம் நின்றால் ஒருமுறை சும்மா இருக்க வேண்டும். இடையிலே கடற்பாம்புகள் விழுங்கும், துறைமுக ஏணிகள் தூக்கிவிடும்.

ஒரு கிழமைக்குள் துறையில் நின்ற எல்லாரும் அதற்குள் விழுந்துவிட்டார்கள். ஒருநாள் படகு ஊதியும் விளையாடிக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏசுவதற்கு வந்த படகோட்டி, "சரி, ஆர் வெல்லுறது எண்டு பாத்திட்டுப் போவம்" என்று பக்கத்தில் குந்திவிட்டார். அன்றைக்குப் படகு இருபது நிமிடம் பிந்தியது. ஒருவரும் முறையிடவில்லை. தீவகப் போக்குவரத்து வரலாற்றில் அது ஒன்றுதான் முறைப்பாடில்லாத தாமதம்.

இந்த நேரத்தில்தான், ஒவ்வொரு பிரதேசமும் உல்லாசப் பயணிகளுக்காக ஒரு உள்ளூர் விளையாட்டை வடிவமைக்க வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றுநிருபம் வந்தது. நிரோஜனுக்குத் தன் காலம் வந்துவிட்டது என்று பட்டது. மட்டையைத் துப்புரவாகத் திரும்பக் கீறி, நிறம் தீட்டி, பணிப்பாளர் சரோஜினிதேவியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

சரோஜினிதேவி அப்போதுதான் யாழ்ப்பாணத்து விடுதி ஒன்றில் இரண்டு நாள் பயிலரங்கு முடித்துவிட்டு வந்திருந்தார். அங்கே சுவர் நிறைய மஞ்சள் துண்டுகள் ஒட்டினார்களாம். கிழித்தார்களாம். பிறகும் ஒட்டினார்களாம். முடிவில் எல்லாருக்கும் ஒரு உண்மை கையளிக்கப்பட்டது: ஆரம்ப எண்ணங்களைக் கைவிடுபவரே உண்மையான வடிவமைப்பாளர்.

"வடிவாத்தான் இருக்குது," என்றார் பணிப்பாளர். "எத்தினை எண்ணத்தைக் கைவிட்டிட்டு இதுக்கு வந்தனீர்?"

"ஒண்டையும் கைவிடேல்லை, மடம். முதல் எண்ணமே சரியா வந்திட்டுது."

ஒரு இடமும் நோகவில்லை என்று சொல்லும் நோயாளியை டொக்டர் பார்ப்பதுபோலப் பணிப்பாளர் அவரைப் பார்த்தார்.

"அப்ப நீர் வடிவமைக்கேல்லை, தம்பி. உமக்குத் தற்செயலா வந்திருக்குது. தற்செயலுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் பன்னிரண்டு பெட்டிகள். கைவிடப்பட்ட எண்ணம், கைவிடப்பட்ட திகதி, கைவிட்டமைக்கான காரணம். பன்னிரண்டும் நிரம்பாத படிவம் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

"இந்த மாசம் நிரந்தர நியமனத்துக்குப் பேர் அனுப்பிறன்," என்று பணிப்பாளர் சேர்த்துச் சொன்னார். "யோசிச்சு நிரப்பும்."

சனிக்கிழமை மத்தியானம் நிரோஜனும் பவதாரணியும் குசினி மேசையில் இருந்து, கைவிடுவதற்கென்றே எண்ணங்களை உற்பத்தி செய்தார்கள். இது நினைப்பதுபோல் இலேசான வேலையல்ல. நல்ல எண்ணம் தானாக வரும். கைவிடத் தகுந்த எண்ணத்துக்கு முயற்சி வேண்டும். தண்ணி பவுசர் லொறி வரும் திசையை ஊகித்து வாளி வைத்தல். நெடுந்தீவுக் காட்டுக் குதிரையிடம் அடையாள அட்டை கேட்டல். கண்ணைக் கட்டிக்கொண்டு கருவாட்டின் ஊரைச் சொல்லுதல். ஏழு வரைக்கும் இப்படி வந்து நின்றுவிட்டது.

"வியாழக்கிழமை நான் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் போனனான்," என்றாள் பவதாரணி. "ஒண்டாம் யன்னலில இலக்கம் தந்து நாலாம் யன்னலுக்குப் போகச் சொன்னவை. நாலில, அது ரெண்டில எண்டவை. ரெண்டில ஆள் தேத்தண்ணிக்குப் போயிட்டார். ஆள் வர, என்ர இலக்கம் காலாவதி. அதையே ஒரு விளையாட்டா எழுதுங்கோவன்."

"பேர்?"

"வரிசை எண்டு வையுங்கோ. நாலு பேர் இலக்கத் துண்டு எடுத்திட்டு இருக்க வேணும். அவ்வளவுதான்."

"எப்ப முடியும்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே இன்னும் முடியேல்லை."

நிரோஜன் சிரித்த சிரிப்பில் பேனை கீழே விழுந்தது. பவதாரணி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எட்டாம் பெட்டியில் அதை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'இது விளையாட்டே அல்ல' என்று போட்டார். பதினொன்று வரை நிரப்பினார்கள். பன்னிரண்டாவது வரவில்லை. ஒரு பெட்டிதானே என்று விட்டுவிட்டார்.

வடிவமைப்பு மீளாய்வுக் குழு செவ்வாய்க்கிழமை கூடியது. தலைமை பணிப்பாளர். கலாசாரத்துக்குப் பரமலிங்கம். கடற்பாதுகாப்புக்கு அன்ரனிட்டா. புலம்பெயர் உறவுகளின் சார்பில், ஒருகாலத்தில் தெற்கில் கடை வைத்திருந்து இப்போது கனடாவில் இருக்கும் புங்குடுதீவுக்காரர் சிவக்கொழுந்து, கணினித் திரையில் நெற்றி மட்டும் தெரிய வீற்றிருந்தார்.

மட்டை மேசையில் விரிக்கப்பட்டது. பரமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, இந்தப் பாம்பு என்ன செய்யுது?"

"ஆளை விழுங்கிக் கீழ விடுது, ஐயா."

"நயினாதீவில அம்மனுக்கு நாகம் காவல். அந்தக் கடலில பாம்பு சனத்தை விழுங்குது எண்டு அரசாங்கம் படம் கீற ஏலுமோ?"

"அப்ப பாம்பு மேல ஏத்தி விடட்டும், ஐயா."

"அது மரியாதை."

"கீழ இறக்கிறது ஆர்?"

பரமலிங்கம் யோசித்தார். "ஏணி இருக்குதுதானே. ஏணியால ஏறுறது மட்டுமோ, இறங்கிறதும் உண்டு."

பாம்பால் ஏறி ஏணியால் இறங்குவது என்று குறித்துக்கொள்ளப்பட்டது. குறித்துக்கொண்டவர் நிரோஜன்தான். அதில் நியாயம் இருப்பதாகவும் அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

அன்ரனிட்டா இருபத்தேழாம் கட்டத்தில் விரலை வைத்தார். "இஞ்ச இயந்திரம் நிக்குது எண்டு இருக்குது. நிண்டால், உள்ளுக்கு இருக்கிறவருக்கு உயிர்காப்பு அங்கி இருக்குதோ?"

"அது புளியங்கொட்டை, மிஸ்."

"புளியங்கொட்டை எண்டாலும் கடலில நிக்குது."

பணிப்பாளருக்குத் தாயக்கட்டை பிடிக்கவில்லை. அது சூது. சிவக்கொழுந்தின் நெற்றி வேறொன்றைக் கேட்டது: ஒருவர் வென்றால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள். அரசாங்கத்தின் செலவில் மூன்று தமிழரைத் தோற்கடிப்பது என்ன நோக்கத்துக்காக?

இவ்வளவுக்கும் மட்டை மேசையிலேயே கிடந்தது. ஒருவரும் ஒருதரம் உருட்டிப் பார்க்கவில்லை. நிரோஜன், "ஒருக்கா விளையாடிப் பாப்பமோ?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் பணிப்பாளர் படிவத்தைப் புரட்டி எட்டாம் பெட்டியில் நின்றுவிட்டார்.

"இதை ஏன் கைவிட்டனீர்?"

"அது விளையாட்டில்லை, மடம்."

"ஆர் சொன்னது? பாருங்கோ, தாயக்கட்டை இல்லை. பாம்பு இல்லை. கடல் இல்லை. ஒருத்தரும் தோற்கேல்லை."

"ஒருத்தரும் வெல்லவும் இல்லை, மடம்."

"அதுதானே சமத்துவம்."

திரையில் நெற்றி மேலே ஏறி, முதன்முறையாகச் சிவக்கொழுந்தின் கண்கள் தெரிந்தன. அவை கலங்கியிருந்தன. "தம்பி, இஞ்ச எல்லாம் ரெலிபோனில அஞ்சு நிமிசத்தில முடிஞ்சு போகுது. வரிசையில நிக்கிறது எண்டால் என்ன எண்டு என்ர பிள்ளையளுக்குத் தெரியாது. முன்னால நிக்கிறவரோட சண்டை பிடிச்சு, பின்னால நிக்கிறவரோட சம்பந்தம் கலந்த சனம் நாங்கள். நீர் எங்கட பண்பாட்டைக் கையில எடுத்துத் தந்திருக்கிறீர்."

அறையில் எல்லாரும் நிரோஜனைப் பார்த்தார்கள். ஆறு வருடத்தில் ஒருவரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. இது பகிடிக்கு எழுதியது என்று சொல்ல அவருக்கு நாலு விநாடி அவகாசம் இருந்தது. அந்த நாலு விநாடியையும் பணிவாகப் புன்னகைப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. எட்டாவது எண்ணம் ஏற்கப்பட்டதால் கைவிடப்பட்டவை பத்தாகக் குறைந்துவிட்டன. இரண்டு பெட்டி வெறுமை.

"கடல் விளையாட்டைக் கைவிட்டால் ஒண்டு வரும்," என்றார் பரமலிங்கம். "மற்றதுக்கு என்ன செய்யிறது?"

வழி சொன்னவர் நிரோஜன்தான். "பாம்பு விழுங்கிற மாதிரி ஒண்டு, பாம்பு ஏத்தி விடுற மாதிரி ஒண்டு. ரெண்டு எண்ணமா எடுக்கலாம், மடம்."

இப்படியாக, உலகத்தில் வடிவமைப்பாளர்கள் பலர் தம் விளையாட்டை ஒருதரம் கைவிட்டிருக்க, நிரோஜன் தன்னுடையதை ஒரே மத்தியானத்தில் இரண்டு தரம், தன் கையெழுத்திலேயே கைவிட்டார்.

'வரிசை' அழகான பெட்டியில் ஐந்நூறு பிரதி அச்சாகி வந்தது. உள்ளே நாற்பது இலக்கத் துண்டுகளும் ஏழு வாழ்த்துச் செய்திகளும் இருந்தன. வெளியீட்டு விழாவில் நான்கு பிரமுகர்கள் மேடையில் இருந்து அதை விளையாடிக் காட்டினார்கள். இலக்கத் துண்டை எடுத்தார்கள். இருந்தார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகும் இருந்தார்கள். எப்போது முடியும் என்று விதியில் எழுதப்படாதபடியால், நன்றியுரையைச் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. மிகவும் யதார்த்தமாக இருந்தது என்று பிரதம விருந்தினர் பாராட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பவதாரணி யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எப்பிடி இருந்தது?" என்று நிரோஜன் கேட்டார்.

"நல்லா நடந்தது."

"நீர் ஒருக்காக்கூடச் சிரிக்கேல்லை."

"அண்டைக்கு வீட்டில சிரிச்சிட்டனப்பா," என்றாள். அதற்குப் பிறகு அவரும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாடு முழுவதிலும் பன்னிரண்டு பெட்டியையும் நிரப்பி அனுப்பிய அலுவலகம் அது ஒன்றுதான் என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. விளையாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் மாதம் நிரோஜனுக்கு நியமனம் நிரந்தரமாயிற்று. புதிதாகத் திறக்கப்பட்ட ஆரம்ப எண்ணங்கள் மீளாய்வுப் பிரிவுக்கு அவரே பொறுப்பு. பொதுமக்களும் விளையாட்டுகளை முன்மொழியலாம் என்று அறிவித்தல் போடப்பட்டது.

முதல் நாள் முதலாவதாக வந்தவர் நிமலினி. இறுப்பிட்டியில் பாலர் பாடசாலை ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு மட்டைப் பெட்டி, கையில் நிரப்பிய படிவம். நிரோஜன் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்து ஏழாவதில் நின்றார்.

அது பஸ் விளையாட்டு. பிள்ளைகள் பயணிகள். எல்லாரிடமும் ஒவ்வொரு பை. ஒரு பையில் மட்டும் கோழி. கோழி வைத்திருப்பவர் இடைக்கிடை கொக்கரிக்க வேண்டும். ஆனால் தான்தான் என்று முகத்தில் காட்டக் கூடாது. மற்றவர்களும் விரும்பினால் பொய்யாகக் கொக்கரிக்கலாம். நடத்துநர் முகங்களைப் பார்த்து ஆளைப் பிடிக்க வேண்டும்.

நிரோஜன் வாசித்து முடித்தார். அடுத்த கணம், மேசையில் நிரோஜன் இருந்த பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு கொக்கரிப்பு எழுந்தது. நிமலினி மரியாதைக்காக முகட்டைப் பார்த்தார்.

நிரோஜன் தொண்டையைச் செருமினார். "கைவிட்டதுக்குக் காரணம் எழுதேல்லையே, ரீச்சர்."

"காரணம் ஒண்டும் இல்லை, சேர். நல்லாத்தான் இருந்தது."

"காரணம் இல்லாமல் கைவிட ஏலாது."

"அப்ப கைவிடேல்லை எண்டு எடுங்கோ."

"கைவிட்டால்தானே பெட்டி நிரம்பும். பெட்டி நிரம்பாட்டில் நாங்கள் வாங்க ஏலாது."

அவர் இரக்கப்பட்டார். தானும் ஒருகாலத்தில் இப்படி விபரம் தெரியாமல் வந்தவர்தானே. பேனையை எடுத்து, நிமலினிக்காகத் தன் கையாலேயே எழுதினார்: 'பொதுப் போக்குவரத்தில் கோழிகளை மறைத்துச் செல்வதை ஊக்குவிக்கும்.' எழுதியபிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்தார். வசனம் நன்றாக அமைந்திருந்தது.

"எங்கட 'வரிசை' உங்கட பள்ளிக்கும் வந்திருக்குமே," என்றார். "பிள்ளையள் விளையாடுதுகளோ?"

"ஓம் சேர். ஆனால் அதுகள் ஒரு அதிகாரியைச் சேர்த்திட்டுதுகள். ஒராள் மேசைக்கு அங்கால இருந்து, நாளைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ எண்டு சொல்ல வேணும். அந்தக் கதிரையில இருக்கத்தான் எல்லாத்துக்கும் விருப்பம். இப்ப வரிசையில நிக்கிறதே அதுக்குத்தான்."

நிரோஜன் சிரித்தார். "சரி, ஏழாவதை நான் தனிப்பட்ட முறையில பாக்கிறன், ரீச்சர். நல்ல விளையாட்டு."

நிமலினி பெட்டியை மேசையில் வைத்து, கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார்.

"விளையாட்டை விடுங்கோ, சேர். இந்தப் பிரிவுக்கு ஒரு உதவி உத்தியோகத்தர் எடுக்கப் போறியள் எண்டு கேள்வி. அதுக்குத்தான் வந்தனான்."

நிரோஜன் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். விறாந்தையில் இன்னும் பதினைந்து பேர் மடியில் மட்டைப் பெட்டிகளோடு இருந்தார்கள். கலாசாரத்துப் பரமலிங்கத்தின் மருமகனும் அதில் ஒருவர்.

"அவையும் இதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தவையோ?"

"இல்லை, சேர்," என்றார் நிமலினி. "அவை கேள்விப்பட்டது உங்கட இடத்துக்கு ஆள் எடுக்கினம் எண்டு."

நிரோஜன் தன்னையறியாமல் கதிரையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.