ப்ரூன்னர் வீட்டு ரிசீவர்

"அம்மா, கடவுளுக்கு எல்லாம் தெரியுமெண்டால், நாங்கள் ஏன் வாயால சொல்லவேணும்?"

ஆறு வயதில், சுவிஸின் திரிம்பாக் ஊர்க் கோயிலில் தீபாராதனை நடக்கும்போது மகள் ரிஷானி கேட்ட கேள்வி இது. "கதைக்காமல் கும்பிடு" என்று சொல்லி அன்றைக்குச் சிவகலா தப்பிவிட்டாள். ரிஷானி இப்போது பேர்னில் சட்டம் படிக்கிறாள். கேள்வி மட்டும் ஆராவ் நகருக்கு வந்து, அம்மாவின் சாப்பாட்டு மேசையில், மூடி கழற்றிய ஒரு பழைய ரேடியோ ரிசீவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ரிசீவர் ப்ரூன்னருடையது. சிவகலா செவ்வாயும் வெள்ளியும் துப்புரவு செய்யும் வீட்டுக்காரர், எண்பது வயது. இடுப்பு ஆபரேஷனுக்குப் போகும்போது, பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி வீட்டுத் திறப்பை, சாவி வளையத்தோடே, கையில் தந்துவிட்டுப் போனார். பதினெட்டு வருடமாக அவள் பிறர் வீடு துடைக்கிறாள். திறப்பைத் தந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வீட்டில்தான் வக்யூம் குழாயைத் திருப்பும்போது ரிசீவரில் 'ணங்' என்று இடித்துவிட்டாள். பயந்துபோய்ப் போட்டுப் பார்த்தாள். வலப்பக்க ஸ்பீக்கர் பாடியது. இடப்பக்கம் வாயைத் திறக்கவில்லை. ரிசீவரைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் வீடு திரும்புகிறார். இன்றைக்குத் திங்கள்.

"இதுக்குப் போய் அழுறீரே," என்றான் கணவன் தவச்செல்வன். "நான் ஊரில எத்தினை ரேடியோ திருத்தினனான்."

"எத்தினை பாடினது?"

"கேள்வி கேக்காமல் உம்மட நகம் தேய்க்கிற அரத்தை எடுத்துக்கொண்டு வாரும்."

உள்ளே தீப்பெட்டியளவில் ஒரு ரிலே இருந்தது. ரிசீவரைப் போட்டதும் மூன்று விநாடி பொறுத்து, மின்சாரம் சீராக வருகிறதா என்று பார்த்து, 'டிக்' என்ற பிறகுதான் ஸ்பீக்கர்களை இணைக்கும் காவல்காரன் அது. அதன் தகடுகள் கறுத்திருந்தன. தவச்செல்வன் அவற்றை அரத்தால் தேய்த்தான். பிறகு, இன்னும் கொஞ்சம் தேய்த்தான்.

வீட்டிலிருந்த கரோக்கி ஸ்பீக்கர்களைக் கொழுவிப் போட்டார்கள். 'டிக்' வந்தது. இடப்பக்கம் பேசவில்லை. இப்போது வலப்பக்கமும் பேசவில்லை. தவச்செல்வன் வொலியூமைக் கடைசிவரை திருப்பிப் பார்த்தான். அப்போதும் சத்தமில்லை.

"இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி," என்றான்.

சிவகலா சிரிக்கவில்லை. காலையிலிருந்து மூன்று வீடு துடைத்த கால்களைக் கதிரையில் தூக்கி வைத்துவிட்டு முருகனுக்குப் பத்துத் தேங்காய் நேர்ந்தாள்.

அடுத்த நாள் மேல்மாடி ஜனார்த்தனனைக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பையன், சூக் நகரில் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர். அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலோடு இறங்கி வந்தான்.

"நான் சாஃப்ட்வேர்ங்க்கா. ஆனா ஒரு வீடியோ பார்த்துட்டேன். இந்த ரிலே சும்மா பாதுகாப்புக்குத்தான். ஒரு வயரைக் குறுக்கே போட்டுட்டா இது இல்லாமலே ஓடும்."

"பாதுகாப்புச் 'சும்மா'வோ தம்பி?" என்றாள் சிவகலா.

"ஒண்ணும் ஆகாதுக்கா. பயப்படாதீங்க."

வயரை ஒட்டினான். சுவிட்சைப் போட்டான். நேற்றுக் கடைசிவரை திருப்பிய வொலியூம் அப்படியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

'டமார்!'

அடுத்த கணம் ரேடியோவிலிருந்து நான்கு சுவிஸ் மலைப்பாடகர்கள் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் நடுங்கினார். மணி பன்னிரண்டே முக்கால். கட்டடம் முழுக்க மதிய அமைதி நேரம். ஜனார்த்தனன் வயரைப் பிடுங்குவதற்குள் கரோக்கி ஸ்பீக்கர் ஒன்று கருகி மணத்தது.

கதவு தட்டப்பட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளர் நின்றார். "எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கும்," என்றார் மிகப் பணிவாக. "ஆனால் ஒன்றரைக்குப் பிறகு."

கதவைச் சாத்தியதும் தவச்செல்வன் மலர்ந்த முகத்தோடு சொன்னான்: "பாத்தீரே, ரெண்டு பக்கமும் பாடிச்சுது!"

"பாடிப்போட்டுச் செத்துப்போச்சுது. இதை இப்பிடியே கொண்டுபோய் வைச்சால் அந்த மனிசன்ரை ஸ்பீக்கரும் கருகும். அவர் ஆஸ்பத்திரியால வந்து முதல் இதைத்தான் போடுவார், தெரியுமோ?"

அவன் முகம் வாடியது. "அப்ப ராசா அண்ணையிட்டைப் போவம்," என்றான் மெதுவாக.

ராசா அண்ணை நகரத்தின் ரிப்பேர் கஃபேயில் சனிக்கிழமைகளில் இலவசமாகச் சாமான் திருத்துகிறவர். சனிக்கிழமைவரை பொறுக்க வழியில்லை. புதன் பின்னேரம் ரிசீவரைப் பழைய குழந்தை வண்டிலில் படுக்க வைத்து, போர்வையால் மூடி, பஸ்ஸில் ஏற்றினார்கள். பக்கத்து இருக்கைக் கிழவி ஒருத்தி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

ராசா அண்ணையின் வேலையறை அவர் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. ரிசீவரைக் கண்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆற்றை சாமான் இது?"

சிவகலா தரையைப் பார்த்தாள். "எங்கடைதான் அண்ணை."

"ஓம்... உங்கடைதான்," என்றார் அவர், குரலில் ஒன்றையும் காட்டாமல். மூடியைத் திறந்தார். மேசை விளக்கைக் கிட்ட இழுத்தார்.

"குறுக்கை வயர் போட்டது ஆர்?"

"மேல்மாடித் தம்பி."

"தகட்டைத் தேய்ச்சது?"

தவச்செல்வன் இருமினான்.

"அது கிடக்கட்டும். இந்த ரிலேயே பிழை. இது இந்த ரேடியோச் செற்றுக்குரியது இல்லை. சின்னன். கால் எட்டாமல் வயர் வைச்சு ஒட்டியிருக்கு. இவ்வளவு காலம் தாக்குப் பிடிச்சதே கடவுள் செயல். ஆரோ ஒரு மடையன் செய்த வேலை."

"சத்தியமா நான் இல்லை அண்ணை!" என்றான் தவச்செல்வன்.

"நீர் எண்டு நான் சொன்னனானோ?"

அவர் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, தேடாமலே, மஞ்சளாகிப்போன ஒரு கடதாசிப் பையை எடுத்தார். உள்ளே புத்தம் புதிய ரிலே ஒன்று.

"உடனை கையில கிடைச்சுதே அண்ணை!" என்றாள் சிவகலா.

"கனகாலமாக் கிடக்கு. நீங்கள் ரெண்டுபேரும் மேலை போய் மனிசியிட்டைத் தேத்தண்ணி குடியுங்கோ. ஆரும் பாத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது."

ஒரு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார். போட்டார். மூன்று விநாடி மௌனம். 'டிக்.' வயலின் ஒன்று இரண்டு பக்கமும் சமமாக, மெத்தென்று வாசித்தது. சிவகலாவின் கண் நிறைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுடைய தோள்கள் கீழே இறங்கின.

அவள் கைப்பையைத் திறக்க, "உந்தப் பையை மூடும் பிள்ளை," என்றார். தானே ரிசீவரை வண்டிலில் வைத்துப் போர்வையையும் இழுத்து மூடினார். தூங்கும் பிள்ளைக்கு மூடுவதுபோல.

அந்தப் போர்வையைப் பார்த்ததும் சிவகலாவால் பொறுக்க முடியவில்லை. பொய் சொன்ன வாயோடு இவ்வளவு நல்ல மனிதரிடம் விடைபெறக்கூடாது என்று பட்டது.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இது எங்கடை இல்லை. நான் துடைக்கிற வீட்டுக்காரற்றை. இடிச்சுப் பழுதாக்கினது நான். வெள்ளிக்கிழமை அவர் வர, எல்லாத்தையும் சொல்லி, நீங்கள்தான் திருத்தித் தந்தனீங்கள் எண்டும் சொல்லப் போறன். திறப்பைத் திருப்பி வாங்கினாலும் பரவாயில்லை."

ராசா அண்ணை பதறிப்போய் வண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, ப்ரூன்னருக்கு மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதையும் பிள்ளை! எண்பத்தாறாம் ஆண்டுப் பொங்கலுக்கு அவரிட்டை இதை இரவல் வாங்கி, நாலு ஸ்பீக்கரைக் கொழுவி எரிச்சுப்போட்டு, அந்தப் பிழையான ரிலேயை வைச்சு ஒட்டிச் சத்தம்போடாமல் திருப்பிக் குடுத்த மடையன் நான்தான்."